இரண்டு லென்ஸ், ஒரே ஓட்டை... தெரியுமா?

கேமராவைவிட அதில் மாட்டும் லென்ஸ் இரண்டு மடங்கு கனமாக இருக்க முடியுமா? முடியும்! ஜெர்மனியின் லைக்கா எம்11 கேமராவில் கறுப்பு மாடல், பேட்டரியோடு சேர்த்து 530 கிராம்தான். அதே லைக்கா 2017 நவம்பரில் அறிவித்த நாக்டிலக்ஸ் 75 மி.மீ. லென்ஸ் 1,055 கிராம்! தராசின் ஒரு தட்டில் அந்த லென்ஸை வைத்தால், மறுதட்டில் இரண்டு கேமராக்களை வைத்தால்தான் முள் நேராக நிற்கும்!

அதோடு விட்டார்களா? 2019ல் அதற்கு ஒரு தம்பியையும் இறக்கினார்கள். சம்மிலக்ஸ் 90 மி.மீ. எடை 1,010 கிராம்! இரண்டுமே ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் மாட்டி மனித முகங்களை எடுக்கவென்றே பிறந்தவை. அறிமுக விலை தெரியுமா? அண்ணன் 12,795 டாலர், தம்பி 12,995 டாலர். அன்றைய மதிப்பில் எட்டு, ஒன்பது லட்சம் ரூபாய்! (கையில் அவ்வளவு காசு இல்லாதவர்களும் தாராளமாகத் தொடர்ந்து படிக்கலாம். நானும் உங்கள் கட்சிதான்.)

சரி, இரண்டில் எதை வாங்குவது? அங்கேதான் வேடிக்கை!

அண்ணன் எஃப் 1.25, தம்பி எஃப் 1.5. இந்த எஃப் எண் என்ன சொல்கிறது? லென்ஸின் குவியத் தூரத்தை (பெயரில் வரும் 75, 90 மி.மீ. அதுதான்) இந்த எண்ணால் வகுத்தால், வெளிச்சம் நுழையும் ஓட்டையின் விட்டம் கிடைக்கும். எங்கே, போட்டுப் பாருங்கள். 75ஐ 1.25ஆல் வகுத்தால்? 60 மி.மீ. 90ஐ 1.5ஆல் வகுத்தால்? அதுவும் 60 மி.மீ.! இரண்டு லென்ஸ், இரண்டு பெயர், ஆனால் ஓட்டை ஒன்றே!

இந்த 60 மி.மீ. எவ்வளவு பெரிது தெரியுமா? லென்ஸைப் பொருத்தும் கேமராவின் வாயே 44 மி.மீ.தான்! வீட்டு வாசலைவிட ஜன்னல் பெரிது என்றால் எப்படி இருக்கும்? அப்படி! முன்னால் மாட்டும் ஃபில்டரின் அளவு இரண்டுக்குமே 67 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு டென்னிஸ் பந்தின் விட்டம்!

ஒற்றுமை இதோடு தீரவில்லை. ஓட்டையைச் சுருக்கி விரிக்கும் அப்பெர்ச்சர் இதழ்கள் எத்தனை? இதில் 11. அதில்? 11! அண்ணன் 85 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். தம்பிக்கு 1 மீட்டர் வேண்டும். அப்படியானால் அண்ணன் எடுக்கும் முகம்தானே பெரிதாக விழும்? இல்லை! இரண்டும் அந்தக் கடைசித் தூரத்தில் முகத்தைச் சுமார் ஒன்பதில் ஒரு பங்காகத்தான் படத்தில் இறக்கும். ஒரு ஏ4 தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். அவ்வளவு இடம்தான் படத்துக்குள் வரும், இரண்டிலும்!

ஓட்டையை முழுக்கத் திறந்து வைத்து அந்த நெருக்கத்தில் எடுத்தால், எவ்வளவு ஆழம் தெளிவாக இருக்கும்? அண்ணனில் சுமார் 7 மி.மீ., தம்பியில் சுமார் 8 மி.மீ. ஒரு பென்சிலின் தடிமன்! இமை முடி பளிச்சென்று இருந்தால் காது கரைந்து போயிருக்கும். மூச்சு விட்டால் போதும், முகம் ஃபோகஸைத் தாண்டிவிடும்!

பின்னணியில் வெகுதூரத்தில் ஒரு சீரியல் பல்பு மினுக்குகிறது என்று வையுங்கள். இப்படி எடுத்த படத்தில் அது புள்ளியாகவா விழும்? ஃபிலிம் சட்டத்தின் உயரம் 24 மி.மீ. அதில் அந்த ஒற்றைப் பல்பு 6 மி.மீ.க்கும் மேலான வட்டமாக விரியும்! படத்தை 24 செ.மீ. உயரத்துக்குப் பிரிண்ட் போட்டால், பல்பு ஒன்று அதிரசம் ஒன்று! ஓட்டை ஒன்றே என்பதால் முகம் ஒரே அளவில் இருக்கும்போது இரண்டு லென்ஸிலும் அதிரசம் ஒரே அளவுதான். ‘போக்கே, அதாவது பின்னணி மங்கல், எதில் அதிகம்?’ என்று கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம்!

*

முகத்துக்கென்று லென்ஸ் செய்யும் பைத்தியம் இன்று நேற்று வந்ததா? 1930களின் தொடக்கத்திலேயே லைக்காவுக்கு ஹெக்டர் 73 மி.மீ. எஃப் 1.9 என்ற லென்ஸ் வந்துவிட்டது. உருவாக்கியவர் மாக்ஸ் பெரெக். ஹெக்டர் யார் தெரியுமா? அவருடைய நாய்! அப்படித்தான் லைக்கா வட்டாரத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

அதே பெரெக் உருவாக்கிய தம்பார் 90 மி.மீ. லென்ஸ் 1935ல் வந்தது. அதோடு ஒரு ஃபில்டர் கொடுத்தார்கள். அதன் நட்டநடுவில் ஒரு பொட்டு! கண்ணாடிக்கு எதற்குப் பொட்டு? லென்ஸின் நடுவழியாக வரும் கூர்மையான வெளிச்சத்தைத் தடுக்க! ஓரத்து வெளிச்சம் மட்டும் போய் முகத்தைப் பனிபோல மென்மையாக்குமாம். தெளிவுக்காக உலகமே தவம் கிடக்க, தெளிவைக் கெடுக்கக் காசு வாங்கிய லென்ஸ்! 2017ல், நாக்டிலக்ஸ் 75 வந்த அதே வருடம், லைக்கா இதையும் மறுபடி செய்து விற்றது!

ஒரு போர்ட்ரெய்ட் ஒரு நாட்டின் கேமராத் தொழிலையே தூக்கி நிறுத்திய கதை தெரியுமா? 1950, தோக்கியோ. ‘லைஃப்’ பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் அங்கே இருக்கிறார். ஜுன் மிக்கி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் மங்கலான வெளிச்சத்தில் அவரை ஒரு படம் எடுக்கிறார். மாட்டியிருந்தது நிக்கார் 85 மி.மீ. எஃப் 2. பிரிண்ட்டைப் பார்த்ததும் டங்கனுக்கு அதிர்ச்சி. இவ்வளவு கூர்மையா! ஜப்பான் லென்ஸா! நேராக அந்த லென்ஸைச் செய்யும் தொழிற்சாலைக்கே போய்விட்டார். அந்த ஜூன் 25ல் கொரியப் போர் வெடித்தது. டங்கன் நிக்கார் லென்ஸ்களோடு போர்முனைக்குப் போனார். டிசம்பர் 10ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஜப்பான் கேமராவைப் பற்றி எழுதியது. அதுவரை ஜப்பான் சரக்கென்றால் மட்டம் என்று நினைத்த அமெரிக்கா வாயடைத்துப்போனது! டங்கன் 102 வயது வரை வாழ்ந்து 2018ல் மறைந்தார்.

நம் அண்ணனுக்கும் ஒரு முன்னோர் உண்டு. 1980ல் வந்த சம்மிலக்ஸ் 75 மி.மீ. எஃப் 1.4. ஜெர்மன் கம்பெனியின் அந்த லென்ஸ் பிறந்த ஊர் ஜெர்மனியில் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் மிட்லண்ட்! வடிவமைத்தவர் வால்டர் மாண்ட்லர். எடை சுமார் 600 கிராம். எஃப் 1.4லிருந்து 1.25க்கு இறங்க 37 வருடம் ஆனது, எடை 455 கிராம் ஏறியது!

*

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை, தெரியுமா? பார்ப்பது பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக! சற்றுத் தள்ளி இன்னொரு சின்ன ஜன்னல். இரண்டுக்கும் இடைவெளி சுமார் 69 மி.மீ. உங்கள் இரண்டு கண்களுக்கு இடையே இருக்கும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான்!

கண்ணை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு சின்னப் பளிச்சென்ற கட்டம். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணை அதற்குள் கொண்டுவந்தால், ஒரே இமை இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்பத் திருப்ப ஒன்று நகர்ந்து வந்து மற்றொன்றின் மேல் படியும். இரண்டு இமையும் ஒன்றானதும் ஃபோகஸ்! லென்ஸின் பின்பக்கம் இருக்கும் உலோக விளிம்பு கேமராவுக்குள் ஒரு சின்ன உருளையை முன்னும் பின்னும் தள்ளுவதால் நடக்கும் வித்தை இது. மோட்டார் கிடையாது!

ஆனால் அந்த ஜன்னலில் பின்னணி மங்கலாகத் தெரியுமா? தெரியவே தெரியாது! எட்டு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய அதிரசங்கள் படம் விழும்வரை உங்கள் கண்ணில் படாது! அது மட்டுமா? லென்ஸ் இவ்வளவு குண்டாக இருப்பதால் ஜன்னலின் கீழ் வலது மூலையில் அதன் தலை வேறு நீட்டிக்கொண்டு மறைக்கும்!

படத்தின் எல்லையைக் காட்ட ஜன்னலில் தோன்றும் கோடுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 75ஐ மாட்டினால் ஜன்னலில் 50 மி.மீ. லென்ஸுக்கான கட்டமும் கூடவே தோன்றும். 90ஐ மாட்டினால் 28க்கான கட்டமும் சேர்ந்து வரும். 28 கோடு ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளும், 90 கட்டம் நடுவில் தனியாக நிற்கும், குழப்பமில்லை. 75ம் 50ம் ஒன்றுக்குள் ஒன்றாக நெருங்கி நிற்கும்போது அவசரத்தில் எது எதென்று தடுமாறும். இந்த ஒரு விஷயத்தில் தம்பிக்குத்தான் மதிப்பெண்.

அப்படியானால் ஃபோகஸ் பிடிப்பதும் தம்பியில்தான் சுலபமா? 8 மி.மீ. ஆழம் 7 மி.மீ.யைவிடப் பெரிதுதானே? அதுதான் இல்லை! ரேஞ்ச்ஃபைண்டரின் பிசகு, தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். முகம் ஒரே அளவில் விழ, தம்பிக்காக நீங்கள் ஏறக்குறைய 1.2 மடங்கு பின்னால் போகிறீர்கள். பிசகு 1.4 மடங்கு கூடிவிடும். ஆழம் கூடுவதோ 1.2 மடங்குதான்! ஆழம் குறைந்த லென்ஸில்தான் குறி தவறுவது குறைவு! போதாததற்கு எஃப் 1.25, எஃப் 1.5ஐவிட 44 சதவீதம் கூடுதல் வெளிச்சத்தை வாங்குகிறது.

15 செ.மீ. பின்னால் நகர்ந்தால் மூக்கு சின்னதாகி முகம் அழகாகும் என்பார்கள். எவ்வளவு சின்னதாகும் தெரியுமா? காதோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று சதவீதம்! மூக்கின் சொந்தக்காரருக்கே தெரியாது.

ஏழைகளுக்கு வழி உண்டா? உண்டு! ஜப்பானின் காசினா கம்பெனி, ஃபோய்க்ட்லண்டர் பெயரில் 75 மி.மீ. எஃப் 1.5 லென்ஸ் செய்கிறது. எடை 350 கிராம். விலை ஆயிரம் டாலர் அளவில். நாக்டிலக்ஸுக்கும் இதற்கும் வெளிச்சத்தில் அதே 44 சதவீதம், அதாவது சுமார் அரை ஸ்டாப்தான் வித்தியாசம். அந்த அரை ஸ்டாப்புக்கு 11,000 டாலர் சொச்சம்!

கடைசியாக ஒரு குண்டு. 2025 அக்டோபரில் லைக்கா எம் ஈவி1 என்ற கேமராவை வெளியிட்டது. எம் வரிசைதான், அதே லென்ஸ்கள்தான். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது! மின்னணுத் திரையில் லென்ஸ் பார்ப்பதையே நீங்களும் பார்க்கலாம். அதிரசங்கள் முன்கூட்டியே தெரியும்!

ஜன்னலோடு வாழப்போகிறவர்களுக்கு என் ஓட்டு 75க்குத்தான். ஆனாலும் கடைக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யாரையாவது நாற்காலியில் உட்காரவைத்து, டேப் பிடித்து 85 செ.மீ. அளந்து எதிரில் உட்காருங்கள். அவர் கூச்சப்பட்டு நாற்காலியைப் பின்னால் இழுக்கிறாரா? அப்படியானால் 90ஐ வாங்குங்கள்!