லோரியில் ஏற்றும் முன் கேளுங்கள்

பருவத் தேர்வு முடிந்தால் சுங்கை வேயில் வீடு மாறும் மாணவர்கள் அதிகம். எங்கள் வாடகை வீட்டிலிருந்து மாற நான் மூன்று லோரிக்காரர்களிடம் விலை கேட்டேன். மிகக் குறைவாகச் சொன்னவர் எந்த மாடி என்றுகூடக் கேட்கவில்லை. மின்தூக்கி இல்லாத நான்காம் மாடிக்கு அலமாரி தூக்கும் கூலி பிறகு வந்து நிற்கும். பொருள்கள் லோரியில் ஏறிவிட்டால் பேரம் பேச முடியாது.

எல்லாவற்றையும் விசாரித்தவர் சற்றுக் கூடுதலாகத்தான் கேட்டார். அவரையே அழைத்தோம்.

நண்பர்களே, மாடி, தூரம், ஆள்கூலி, டோல் அனைத்தையும் சேர்த்த விலையைப் புலனத்தில் எழுதி வாங்குங்கள். பொருள்களைப் படமெடுத்து அனுப்புங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதிவு எண்ணை எஸ்.எஸ்.எம். எனும் மலேசிய நிறுவன ஆணையத்தின் அகப்பக்கத்தில் சரிபாருங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். சான்றிதழும் மடிக்கணினியும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஏமாற்றப்பட்டால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது நீங்கள் பத்திரப்படுத்திய ரசீதுதான்.