ஐபோன் மின்கலச் சர்ச்சை

ஐபோன் மின்கலச் சர்ச்சை என்பது, ஆப்பிள் நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட இயக்குதள இற்றைப்படுத்தல்கள், மின்கலம் (பேட்டரி) தேய்ந்துபோன ஐபோன்களின் வேகத்தைப் பயனருக்குத் தெரிவிக்காமல் குறைத்ததால் எழுந்த சர்ச்சை ஆகும். ஐபோன் 6, 6எஸ், எஸ்ஈ, 7 ஆகிய வரிசைகளைச் சேர்ந்த திறன்பேசிகள் இதனால் பாதிக்கப்பட்டன. 2017 டிசம்பர் 20 அன்று நிறுவனம் இதனை ஒப்புக்கொண்டது. இதைத் தொடர்ந்து அமெரிக்கா, பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளில் வழக்குகளும் விசாரணைகளும் நடைபெற்றன.

இந்த இற்றைப்படுத்தல்கள் மின்கலத்தைப் பழுதாக்கவில்லை. முன்பே தேய்ந்திருந்த மின்கலத்தின் குறை வெளியே தெரியும் விதத்தை மட்டுமே அவை மாற்றின. திடீரென அணைந்துகொண்டிருந்த பேசி, அணையாமல் மெதுவாக இயங்கத் தொடங்கியது. திடீரென அணையும் பேசியைக் கண்டால் மின்கலத்தின் மீது ஐயம் எழும். மெதுவாக இயங்கும் பேசியைக் கண்டால் பேசியே பழையதாகிவிட்டது என்ற எண்ணமே எழும். எனவே மின்கலத்தை மட்டும் மாற்றினால் தீரும் குறைபாட்டுக்குப் புதிய பேசியே தீர்வு எனப் பயனர்கள் கருத வாய்ப்பு ஏற்பட்டது. சர்ச்சையின் மையம் இதுவே.

லித்தியம் அயனி மின்கலம் தேய்தல்

திறன்பேசிகளில் மீள மின்னேற்றத்தக்க லித்தியம் அயனி மின்கலங்கள் பயன்படுத்தப்படுகின்றன. சோனி நிறுவனம் 1991 ஆம் ஆண்டில் இவ்வகை மின்கலத்தை முதன்முதலில் வணிகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து எதிர்மின்வாயாகிய கிராபைட்டுக்குச் செல்கின்றன. பயன்பாட்டின்போது திரும்பி வருகின்றன.

இவ்வாறு சென்று திரும்பும்போது, கிராபைட்டின் மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்று படிப்படியாகத் தடிக்கிறது. இதனால் இரு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவதாக, படலத்தில் சிக்கிய லித்தியம் மீண்டும் பயன்படாததால் மின்கலம் சேமிக்கக்கூடிய மின்னூட்டத்தின் அளவு, அதாவது கொள்ளளவு, குறைகிறது. இரண்டாவதாக, மின்கலத்தின் அகத்தடை, அதாவது மின்கலத்துக்குள்ளேயே மின்னோட்டத்தை எதிர்க்கும் தடை, அதிகரிக்கிறது. வெப்பமான சூழலும், நீண்ட நேரம் முழு மின்னேற்றத்திலேயே வைத்திருப்பதும் இத்தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

கொள்ளளவு குறைவதைப் பயனர் எளிதில் உணர்வார். காலையில் மின்னேற்றிய பேசி மாலைக்குள் தீர்ந்துவிடும். அகத்தடை உயர்வது அவ்வாறு வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஐபோன் 6எஸ் காலத்து மின்கலங்கள், 500 முழு மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பின் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை என ஆப்பிள் குறிப்பிடுகிறது. நாள்தோறும் ஒரு சுழற்சி எனக் கொண்டால், இது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பயன்பாடு ஆகும்.

திடீரென அணைதல்

மின்கலத்திலிருந்து மின்னோட்டம் வெளியேறும்போது, அகத்தடையின் காரணமாக அதன் மின்னழுத்தத்தில் ஒரு பகுதி உள்ளேயே இழக்கப்படுகிறது. ஓமின் விதிப்படி, இந்த இழப்பு மின்னோட்டத்தையும் அகத்தடையையும் பெருக்கி வரும் தொகைக்குச் சமம்.

எடுத்துக்காட்டாக, ஒரு மின்கலத்தின் மின்னழுத்தம் 3.7 வோல்ட் எனவும், பேசி இயங்குவதற்குக் குறைந்தது 3.2 வோல்ட் தேவை எனவும் கொள்வோம். நுண்செயலி ஒரு கணம் உச்ச வேகத்தில் இயங்க 3 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. புதிய மின்கலத்தின் அகத்தடை 0.1 ஓம் என்றால், இழப்பு 0.3 வோல்ட். மீதமுள்ள 3.4 வோல்ட் போதுமானது. தேய்ந்த மின்கலத்தின் அகத்தடை 0.2 ஓம் என்றால், இழப்பு 0.6 வோல்ட். மீதம் 3.1 வோல்ட் மட்டுமே. மின்னழுத்தம் தேவையான அளவுக்குக் கீழே இறங்கியதால், மின்னணுச் சுற்றுகளைப் பாதுகாக்கும் பொருட்டுப் பேசி உடனே அணைந்துவிடும்.

மின்கலத்தில் போதிய மின்னூட்டம் இருக்கும்போதே இது நிகழலாம். திரையில் 30 அல்லது 40 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த பேசி அணைந்து, மின்னேற்றியில் செருகியவுடன் மீண்டும் அதே அளவைக் காட்டுவதற்குக் காரணம் இதுவே. குளிரில் அகத்தடை மேலும் உயர்வதால், குளிர்நாடுகளில் இக்குறைபாடு கூடுதலாகக் காணப்படும்.

2016 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐபோன் 6, 6எஸ் பேசிகள் இவ்வாறு அணைவதாகப் பரவலாக முறையிடப்பட்டது. 2016 நவம்பரில், 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தயாரான 6எஸ் பேசிகளில் ஒரு சிறு பகுதிக்கு மின்கலத்தை இலவசமாக மாற்றித் தருவதாக ஆப்பிள் அறிவித்தது. எனினும் அத்தொகுதியில் சேராத பேசிகளும் அணைவதாக முறையீடுகள் தொடர்ந்தன.

10.2.1 இற்றைப்படுத்தல்

2017 சனவரி 23 அன்று ஐஓஎஸ் 10.2.1 என்னும் இயக்குதளப் பதிப்பு வெளியானது. வெளியீட்டுக் குறிப்பில் பிழைதிருத்தங்களும் பாதுகாப்பு மேம்பாடுகளுமே முதலில் கூறப்பட்டிருந்தன. இப்பதிப்பினால் திடீரென அணைதல் 6எஸ் பேசிகளில் 80 விழுக்காட்டுக்கு மேலும், 6 பேசிகளில் 70 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்துள்ளதாக 2017 பெப்ரவரியில் நிறுவனம் தெரிவித்தது. அது எவ்வாறு குறைந்தது என்பது விளக்கப்படவில்லை.

தேய்ந்த மின்கலத்தைக் கண்டறிந்தால் நுண்செயலியின் உச்ச வேகத்துக்கு வரம்பிடுவதே அப்பதிப்பு கையாண்ட வழி ஆகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், வேகத்தைக் குறைத்து மின்னோட்டத்தை 3 ஆம்பியரிலிருந்து 2 ஆம்பியராக ஆக்கினால், 0.2 ஓம் அகத்தடையில் இழப்பு 0.4 வோல்ட் மட்டுமே. 3.3 வோல்ட் எஞ்சுவதால் பேசி அணையாது. ஆனால் பயன்பாட்டு மென்பொருள்கள் திறக்கக் கூடுதல் நேரம் ஆகும். திரையை உருட்டும்போது தடங்கல் தெரியும். பொறியியல் நோக்கில் இது பொருளுள்ள தீர்வே. அவசர அழைப்பின் நடுவில் அணையும் பேசியைவிட மெதுவாக இயங்கும் பேசி மேலானது. தீர்வுக்குக் கொடுக்கப்பட்ட விலை பயனருக்குச் சொல்லப்படாததே குறையாகக் கருதப்பட்டது.

2017 டிசம்பரில் வெளியான ஐஓஎஸ் 11.2 பதிப்பின் மூலம் இம்முறை ஐபோன் 7 பேசிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

வேகக் குறைப்பு வெளிப்பட்ட விதம்

2017 டிசம்பரில், தமது 6எஸ் பேசியின் மின்கலத்தை மாற்றிய பயனர் ஒருவர், மாற்றிய பின் பேசியின் வேகம் பெரிதும் கூடியதைக் கண்டு அளவீடுகளை இணையத்தில் வெளியிட்டார். பேசிகளின் வேகத்தை அளவிடும் கீக்பெஞ்ச் என்னும் மென்பொருளில், ஒற்றைக் கருவத்துக்கான மதிப்பெண் 1466 இலிருந்து 2526 ஆக உயர்ந்திருந்தது.

இதையடுத்து, கீக்பெஞ்சை உருவாக்கிய பிரைமேட் லேப்ஸ் நிறுவனத்தின் நிறுவனர் ஜான் பூல், தம்மிடம் இருந்த ஏராளமான அளவீடுகளை இயக்குதளப் பதிப்புவாரியாகப் பிரித்து ஆராய்ந்து, முடிவுகளை 2017 டிசம்பர் 18 அன்று வெளியிட்டார். ஒரே வகைப் பேசிகள் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணையே பெற வேண்டும். ஆகவே வரைபடத்தில் ஒரே ஒரு முகடு தெரிய வேண்டும். 6எஸ் பேசிகளில் 10.2 பதிப்பு வரை அவ்வாறே இருந்தது. 10.2.1 பதிப்பிலிருந்து, குறைந்த மதிப்பெண்களில் மேலும் சில முகடுகள் தோன்றின. ஐபோன் 7 பேசிகளில் இம்மாற்றம் 11.2 பதிப்பில்தான் தோன்றியது.

மின்கலத்தின் தேய்மானம் படிப்படியானது. இயக்குதளப் பதிப்பு மாறும் நாளில் திடீரென நிகழ்வதன்று. மேலும், தேய்மானம் நேரடியாக வேகத்தைக் குறைக்குமாயின் மதிப்பெண்கள் பரவலாகச் சிதறியிருக்கும். குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் முகடுகள் தோன்றியதால், வேகத்துக்கு மென்பொருளே வரம்பிட்டுள்ளது என்ற முடிவு பெறப்பட்டது.

நிறுவனத்தின் விளக்கமும் நடவடிக்கைகளும்

இரு நாள்களுக்குப் பின், குளிரிலும், மின்னேற்றம் குறைவாக உள்ளபோதும், மின்கலம் முதுமையடைந்தபோதும் பேசி அணையாதிருக்கவே உச்ச மின்தேவை குறைக்கப்படுவதாக ஆப்பிள் அறிவித்தது. 2017 டிசம்பர் 28 அன்று பயனர்களிடம் மன்னிப்புக் கோரியது. பேசிகளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்ததில்லை எனவும் அவ்வறிக்கையில் கூறியது. உத்தரவாதக் காலம் முடிந்த ஐபோன் 6 மற்றும் அதற்குப் பிந்தைய பேசிகளுக்கு, மின்கலம் மாற்றும் கட்டணம் 79 அமெரிக்க டாலரிலிருந்து 29 டாலராகக் குறைக்கப்பட்டது. இச்சலுகை 2018 ஆம் ஆண்டின் இறுதிவரை நடைமுறையில் இருந்தது.

2018 மார்ச்சு 29 அன்று வெளியான ஐஓஎஸ் 11.3 பதிப்பில் மின்கல நலம் என்னும் பக்கம் சேர்க்கப்பட்டது. புதிய மின்கலத்தோடு ஒப்பிடுகையில் தற்போதைய கொள்ளளவு எத்தனை விழுக்காடு என்பதையும், வேகம் குறைக்கப்பட்டுள்ளதா என்பதையும் இப்பக்கம் காட்டுகிறது. வேகக் குறைப்பைப் பயனரே நீக்கிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. நீக்கிய பின் பேசி மீண்டும் திடீரென அணைந்தால், வேகக் குறைப்பு தானாகவே நடைமுறைக்கு வரும்.

2019 சனவரி 2 அன்று, ஆப்பிளின் முதன்மைச் செயல் அலுவலர் டிம் குக், காலாண்டு வருவாய் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் அறிவித்தார். புதிய ஐபோன்களின் விற்பனை குறைந்ததற்கான காரணங்களுள் ஒன்றாக, குறைந்த கட்டணத்தில் பயனர்கள் மின்கலத்தை மாற்றிக்கொண்டதையும் அவர் குறிப்பிட்டது கவனிக்கத்தக்கது. உண்மை தெரிந்தபின் பயனர்களில் ஒரு பகுதியினர் பழைய பேசியையே தொடர்ந்து பயன்படுத்தினர் என்பதை இது காட்டுகிறது.

சட்ட நடவடிக்கைகள்

* இத்தாலி: 2018 அக்டோபரில் அந்நாட்டுப் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும், சாம்சங் நிறுவனத்துக்கு 5 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்தது. கேலக்சி நோட் 4 பேசிகளின் தாங்குதிறனுக்கு மிஞ்சிய ஆண்ட்ராய்டு இற்றைப்படுத்தலை நிறுவுமாறு பயனர்களை வற்புறுத்தியது சாம்சங் மீதான குற்றச்சாட்டு ஆகும்.
* ஐக்கிய இராச்சியம்: இற்றைப்படுத்தல் ஒன்று பேசியின் வேகத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்குமானால் அதனைப் பயனருக்குத் தெளிவாகத் தெரிவிப்பதாக 2019 மே மாதத்தில் ஆப்பிள் உறுதியளித்தது.
* பிரான்சு: 2020 பெப்ரவரியில் ஆப்பிளுக்கு 25 மில்லியன் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. 10.2.1, 11.2 பதிப்புகள் பேசியை மெதுவாக்கக்கூடும் எனத் தெரிவிக்காததே இதற்குக் கூறப்பட்ட காரணம்.
* அமெரிக்கா: 2020 மார்ச்சில் கூட்டு வழக்கு ஒன்றை முடித்துக்கொள்ள 500 மில்லியன் டாலர் வரை வழங்க ஆப்பிள் இசைந்தது, தவறிழைத்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. இத்தொகையிலிருந்து ஒரு கோரிக்கைக்கு ஏறத்தாழ 92 டாலர் வீதம் 2024 சனவரியில் வழங்கத் தொடங்கப்பட்டது. 2020 நவம்பரில், மாநிலங்கள் பல சேர்ந்து நடத்திய விசாரணையை முடித்துக்கொள்ள மேலும் 113 மில்லியன் டாலர் வழங்க இசைந்தது.

புதிய பொருளை வாங்கச் செய்யும் நோக்கில் பழைய பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது திட்டமிட்ட வழக்கொழிவு எனப்படும். பிரான்சில் இது 2015 முதல் குற்றமாகும். எனினும் அங்கு விதிக்கப்பட்ட தண்டம் இக்குற்றத்துக்காக அன்று. நுகர்வோருக்குத் தகவலை மறைத்தமைக்காகவே ஆகும்.

இற்றைப்படுத்திய பின் மின்னூட்டம் விரைவில் தீர்தல்

இற்றைப்படுத்திய பின் மின்னூட்டம் விரைவாகத் தீர்கிறது என்பது எல்லா வகைத் திறன்பேசிகளிலும் காணப்படும் முறையீடு ஆகும். இது மேற்கண்ட வேகக் குறைப்பிலிருந்து வேறுபட்டது. புதிய பதிப்பு நிறுவப்பட்டதும், கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்தல், ஒளிப்படங்களை ஆராய்ந்து வகைப்படுத்தல், பயன்பாட்டு மென்பொருள்களைப் புதுப்பித்தல் போன்ற பணிகள் பின்னணியில் நடைபெறுகின்றன. இப்பணிகள் முடிந்ததும், பொதுவாகச் சில நாள்களில், மின்செலவு பழைய நிலைக்குத் திரும்பும். அதன் பின்னும் திரும்பாவிடில், மென்பொருள் பிழையோ தேய்ந்த மின்கலமோ காரணமாக இருக்கலாம். பேசியின் அமைப்புகளில் உள்ள மின்கலப் பயன்பாட்டுப் பட்டியலில், ஏதேனும் ஒரு மென்பொருள் அளவுக்கு மீறி மின்சாரத்தைச் செலவிடுகிறதா என்பதை அறியலாம்.

திரையில் காட்டப்படும் விழுக்காடு நேரடி அளவீடு அன்று. மின்னழுத்தம், மின்னோட்டம் முதலியவற்றிலிருந்து மென்பொருள் கணிக்கும் மதிப்பு ஆகும். கணிப்பு தவறுவதும் உண்டு. 2021 ஆம் ஆண்டில் வெளியான ஐஓஎஸ் 14.5, ஐபோன் 11 வரிசைப் பேசிகளில் தவறாகக் காட்டப்பட்ட மின்கல நல மதிப்பைத் திருத்த மறுகணிப்பு முறை ஒன்றைக் கொண்டிருந்தது.

பிந்தைய நிகழ்வுகள்

2025 சனவரியில் கூகுள் நிறுவனம் பிக்சல் 4ஏ பேசிகளுக்கு ஓர் இற்றைப்படுத்தலைத் தானாக நிறுவப்படும் வகையில் வெளியிட்டது. சில பேசிகளில் மின்கலக் கொள்ளளவும் மின்னேற்ற வேகமும் இதனால் குறையும் என முன்னரே அறிவிக்கப்பட்டதோடு, பாதிக்கப்படுவோருக்கு இலவச மின்கல மாற்றம், பணம், புதிய பேசிக்கான தள்ளுபடி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் அளிக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கு புதிதாகச் சந்தைக்கு வரும் திறன்பேசிகளின் மின்கலங்கள் 800 சுழற்சிகளுக்குப் பின்னும் குறைந்தது 80 விழுக்காட்டுக் கொள்ளளவைக் கொண்டிருத்தல் வேண்டும்.