கெடுபிடிப் போரும் நம் துறைமுகமும்



வரலாற்றுப் பாடத்தில் கெடுபிடிப் போர் என்னும் பகுதியை நான் நடத்திய காலத்தில், ஆண்டுதோறும் ஒரு வினா தவறாமல் எழும். "ஐயா, அமெரிக்காவும் ரஷ்யாவும் போட்டியிட்டன, பெர்லினும் கியூபாவும் நடுங்கின. இதில் இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். நல்ல வினா. அதற்குரிய விடையை இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பனிப்போர் என்றும் வழங்கும் இப்போட்டி, 1945இல் இரண்டாம் உலகப்போர் முடிந்ததை ஒட்டித் தோன்றி, 1991 டிசம்பரில் சோவியத்து ஒன்றியம் கலைந்தது வரை நீடித்தது. தொழில் தனியார் உடைமையாக இருக்க வேண்டும், சந்தையே விலையை வகுக்க வேண்டும் என்பது அமெரிக்கா தலைமை தாங்கிய முதலாளித்துவ அணியின் கொள்கை. உற்பத்திக் கருவிகள் யாவும் அரசின் உடைமையாக வேண்டும், அனைத்தும் திட்டப்படி நடைபெற வேண்டும் என்பது சோவியத்து தலைமையிலான பொதுவுடைமை அணியின் கொள்கை. 1949இல் சோவியத்தும் அணுகுண்டு வெடித்துக் காட்டியது. நேருக்கு நேர் மோதினால் இருவருக்கும் அழிவே என்ற அச்சம் அதனால் பிறந்தது. ஆகவே கொரியா, வியட்நாம் போன்ற பிறர் மண்ணில் படைகளாலும், ஏனைய நாடுகளில் கடனாலும் தானியத்தாலும் எந்திரத்தாலும் அவர்கள் போட்டியிட்டனர்.

இந்தியா எந்த அணியிலும் சேரவில்லை. இரு திசையிலிருந்தும் உதவி பெற்றது. இதற்கு நெய்வேலி நல்ல சான்று. அங்குப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டிய பெரும் எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அந்நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கிய முதல் அனல்மின் நிலையம் சோவியத்து உதவியால் எழுந்து, 1962இல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கச் சார்புடைய நாடு தோண்ட, ரஷ்யா எரிக்க, நம் வீட்டில் விளக்கு எரிந்தது.

இனி நம் துறைமுகத்துக்கு வருவோம். 1954இல் அமெரிக்கா பொதுச் சட்டம் 480 என்பதை இயற்றியது. தன்னிடம் மிகுந்த தானியத்தை, நட்பு நாடுகளுக்கு அவற்றின் நாணயத்திலேயே விற்பதற்கு அச்சட்டம் வழி செய்தது. 1956இல் இந்தியா முதல் ஒப்பந்தம் செய்துகொண்டது. டாலர் செலவின்றிக் கோதுமை கிடைத்தது. ரேஷன் கடைகள் நிரம்பின. 'பி.எல். 480 கோதுமை' என்பது வீட்டுப் பேச்சிலும் புகுந்தது.

பின்னர் மழை பொய்த்தது. 1964–65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த நாட்டின் உணவு தானிய விளைச்சல், அடுத்த ஆண்டு சுமார் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966இல் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் கடல்வழியே வந்தது. கப்பலிலிருந்து இறங்கும் தானியம் நேரே வாய்க்குப் போகும் நிலை அது. அந்த வேளையில்தான் உதவியின் மறுபக்கம் தெரிந்தது. வியட்நாம் போரை இந்தியா குறைகூறியது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு உவப்பாக இல்லை. நம் வேளாண்மைக் கொள்கை மாற வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். நீண்டகால ஒப்பந்தத்தைத் தவிர்த்து, சில மாதங்களுக்கு வேண்டிய அளவை மட்டும் விட்டுவிட்டு அனுமதித்தார். பசித்தவன் குரல் எவ்வளவு தாழ்ந்து ஒலிக்க வேண்டியிருக்கும் என்பதை நாடு அன்று கற்றது.

அப்போது உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண்மைச் செயலர் ஃப்ரீமனோடு அவர் ஓர் உடன்பாடு கண்டார். வேளாண்மைக்கு மிகுந்த நிதி, புதிய விதை, நிறைந்த உரம் என்பன அதன் சாரம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வந்தது. பழைய நெட்டை ரகங்களுக்கு உரம் மிகுதியாக இட்டால் கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். குட்டை ரகமோ சாயாமல் நின்று விளையும். ஆனால் உரமின்றி அதற்குப் பயனில்லை.

அந்த உரத்தின் தேவைதான் திருவொற்றியூருக்கு அடுத்த மணலியின் முகத்தை மாற்றியது. 1965இல் அமைந்த சென்னை எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனத்தில் இந்திய அரசுக்கு 74 விழுக்காடும், அமெரிக்காவின் அமோக்கோ நிறுவனத்துக்கும் ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கும் தலைக்கு 13 விழுக்காடும் பங்கு. 1969இல் ஆலை இயங்கியது. அதன் அருகே, 51 விழுக்காடு அரசுப் பங்கும் 49 விழுக்காடு அமோக்கோ பங்குமாக உர ஆலை எழுந்து, 1971இல் உற்பத்தி தொடங்கிற்று. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கையில் நாப்தா கிடைக்கும். நாப்தாவிலிருந்து அம்மோனியாவும், அம்மோனியாவிலிருந்து யூரியாவும் ஆகும். இரண்டு ஆலைகளிலும் பெரும்பங்கு அரசின் கையில். நுட்பமும் முதலும் தந்ததில் அமெரிக்கத் தனியார் கைக்கும் இடமுண்டு. இரு கொள்கைகளும் ஒரே மதிலுக்குள் கூடி வாழ்ந்தன என்று சொல்லலாம். அமோக்கோ 1985இல் விலகிய பின்னும் ஆலைகள் நின்றுவிடவில்லை. அவற்றை இயக்கும் அறிவை நம்மவர் அதற்குள் பெற்றிருந்தனர்.

ஆலை வாயிலில் பறந்த கொடிகளிலும் இப்போட்டி இருந்தது. 1945இல் ஒன்றாய் எழுந்த உலகத் தொழிற்சங்கச் சம்மேளனம் 1949இல் பிளந்தது. ஏ.ஐ.டி.யு.சி. அதிலேயே நின்றது, ஐ.என்.டி.யு.சி. மேற்கு நாடுகள் அமைத்த புதிய மகாசம்மேளனத்தில் சேர்ந்தது. ஒரே எந்திரத்தில் உழைத்த இருவர், உலக மேடையில் எதிரெதிர் அணிகளில் இருந்தனர்.

சோவியத்து உதவிக்கு மட்டும் மறுபக்கம் இல்லையா? உண்டு. அதன் கடனை ரூபாயிலேயே, நம் பொருள்களை அனுப்பித் தீர்க்கலாம். அது பெரும் வசதி. ஆனால் ஒரே வாங்குபவரை நம்பும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. 1991இல் அந்நாடு கலைந்தபோது, அதையே பெரிதும் நம்பியிருந்த நீலகிரித் தேயிலை விவசாயிகள் விலைச் சரிவில் துன்புற்றனர்.

இன்றும் இக்கடற்கரைக்கு இரு திசைகளிலிருந்தும் அழைப்பு வருகிறது. 2019இல் சென்னைக்கும் ரஷ்யாவின் விளாடிவஸ்தோக்கிற்கும் இடையே கடல்வழி அமைக்க இசைவு கையொப்பமாயிற்று. 2022இல் எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க வந்தது. இரண்டையும் வரவேற்கலாம். எந்த உதவியையும் எடைபோட இரண்டு வினாக்கள் போதும்: இது வந்தபின் நமக்கு ஒரு தொழில் தெரிந்திருக்குமா? இது நின்றுபோனால் நம்மால் நடக்க முடியுமா? கோதுமைக் கப்பல் இரண்டாம் வினாவைக் கற்பித்தது. மணலி முதல் வினாவுக்கு விடை தந்தது. நாளை அலுவலகங்களிலும் ஆலைகளிலும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடப் போகிறவர்கள் நீங்கள். இவ்விரண்டையும் அப்போது கேளுங்கள்.