அலை எட்டும் தூரத்தில் ஓர் ஓவியம்

நவி மும்பை நெருளின் சுவர்களில் ஓவியங்களுக்குக் குறைவில்லை. மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் நவி மும்பை 2020, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் நாட்டிலேயே மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அந்தப் போட்டிக்காக ஊரை ஒழுங்குபடுத்தியபோது மதில்களுக்கும் மேம்பாலத் தூண்களுக்கும் வண்ணம் கிடைத்தது. கழிமுகத்து ஈரநிலத்துக்கு வரும் பூநாரைகள் சாலையோரச் சுவர்களிலும் வந்து நின்றன. பொங்கலும் தீபாவளியும் வந்தால் அடுக்குமாடி நடைகளில் தமிழ்ப் பெண்களின் புள்ளிக்கோலமும் மராத்தியப் பெண்களின் ரங்கோலியும் எதிரெதிர் வாசல்களில் விரிகின்றன. இத்தனையும் கண்ணில் படுகிறது, செய்தவர்தான் படுவதில்லை. சுவரில் வரைந்தவர் யார், எந்தச் சாயம், எத்தனை நாள் வேலை, எதை வரைந்து எதை அழித்தார் என்றெல்லாம் அந்தச் சாலையில் தினமும் போகிறவருக்குச் சொல்ல ஆளில்லை. செய்தித்தாளின் கலைப்பக்கம் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் கண்காட்சி வைப்பவரைப் பற்றி எழுதும். நெருள் மதிலில் வரைபவரைத் தேடி வராது. இந்தக் குறையைத் தீர்க்க ஏற்ற கருவி சமுதாய வானொலிதான். கேட்டதும் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சான்றுகள் அந்தப் பக்கமே நிற்கின்றன.

சமுதாய வானொலி நம் நாட்டுக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2004 பிப்ரவரி 1 அன்று, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி ஒலித்தது. அப்போது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமம் கிடைத்தது. 2006இல் விதி தளர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. 2008இல் மேதக் மாவட்டத்து மாச்சனூரில், நிலத்தில் பாடுபடும் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ எழுந்தது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 500 நிலையங்கள் உள்ளன. இந்த நிலையங்களின் ஆற்றல் 100 வாட்; அலை சுமார் பத்து கிலோமீட்டர் வரை எட்டும். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி.

பத்து கிலோமீட்டர் என்ற எல்லையைப் பலர் குறையாகவே பார்க்கிறார்கள். ஓவியத்தைப் பொறுத்தவரை அதுதான் இதன் பெரிய பலம். பேசப்படும் ஓவியத்தை அன்று மாலையே ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிடலாம். அகில இந்திய ஒலிபரப்பால் இதைச் செய்ய முடியாது. தில்லியிலிருந்து ஓர் ஓவியத்தை விவரித்தால் நெருளில் கேட்பவருக்கு அது கற்பனையோடு நின்றுவிடும். சீவுட்ஸ் பக்கத்து மதிலில் வலது ஓரத்தில் ஒரு பூநாரை மட்டும் ஏன் திரும்பி நிற்கிறது என்று வரைந்தவரே வானொலியில் சொன்னால், கேட்டவர் மறுநாள் அந்த வழியில் போகும்போது தலையைத் திருப்பிப் பார்ப்பார். பேச்சு அவரைப் படத்திடம் அழைத்துப் போய்விடும். இதே கணக்கை மும்பைக்குப் போட்டுப் பார்க்கலாம். கலீனாவில் மும்பைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 107.8 அலைவரிசையில் இயங்குகிறது. அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வட்டம் வரைந்தால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றும் உள்ளே வருகின்றன. மும்பைத் தமிழரின் பழைய வசிப்பிடங்கள் பல அந்த வட்டத்தில் அடங்கிவிடுகின்றன. கழிமுகத்துக்கு அப்பால், நேர்கோட்டிலேயே பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும் நெருள் அதில் இல்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த பிள்ளைகள் குடிபெயர்ந்து வந்த ஊர், தாய்வீட்டு அலைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதுக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் எவரும் எழுப்பும் முதல் மறுப்பு. தமிழர் இதைக் கேட்கத் தேவையில்லை. பரிபாடலின் 19ஆம் பாட்டு திருப்பரங்குன்றத்துக்கு வழிபட வந்தவர்களைக் காட்டுகிறது. அங்கே ஓவியங்களின் முன் நின்று சிலர் வினவுகிறார்கள். இவள் இரதி, இவன் காமன் என்று மற்றவர்கள் விடை சொல்கிறார்கள். அகலிகையையும் இந்திரனையும் கவுதமனையும் சுட்டிக் கதையை விளக்குகிறவர்களும் அங்கே உண்டு. ஓவியத்தின் முன்னே கேள்வியும் பதிலுமாகப் பேசுவது நமக்குப் புதிதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை. அந்தப் பாட்டைப் படிப்பவர் அந்த ஓவியங்களைப் பார்த்ததில்லை. ஆனாலும் எது எங்கே இருந்தது என்று ஓரளவு மனத்தில் விரிகிறது.

கோலம் இன்னும் வலுவான சான்று. பதினைந்து புள்ளி, எட்டு வரை இடுக்குப் புள்ளி என்று ஒரு பெண் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் அறுகோண வடிவப் புள்ளித்தளத்தைத் தவறில்லாமல் வைத்துவிடுவார். நேர்ப்புள்ளி பதினைந்து, ஒன்றில் முடிக்கவும் என்றால் சாய்சதுரம் வந்துவிடும். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்புகிறது என்பதையும் வாயால் சொல்லிக்கொடுத்தே தலைமுறைகள் கற்றிருக்கின்றன. இந்தச் சொல்முறையின் ஒழுங்கைக் கணிதக்காரர்களும் கவனித்தார்கள். தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். சில எளிய கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய கோலம் பிறக்கிறது என்பது அந்த ஆய்வின் சாரம். கட்டளையாகச் சொல்ல முடிகிற ஓவியத்தை வானொலியில் சொல்ல முடியாதா? ஞாயிறு காலையில் ஒருவர் வரிசை வரிசையாகச் சொல்ல, பத்து கிலோமீட்டர் வட்டத்தில் நூறு வாசல்களில் அதே கோலம் ஒரே நேரத்தில் உருவாகலாம். தொலைக்காட்சியைவிட வானொலிக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். கை மாவில் இருக்க, கண் தரையில் இருக்க, காது மட்டும்தானே சும்மா இருக்கிறது? நெருள் அமைந்திருக்கும் தாணே மாவட்டத்தின் வார்லிப் பழங்குடியினர் கல்யாண வீட்டுச் சுவரில் அரிசி மாவுக் கரைசலால் சௌக் என்னும் சடங்கு ஓவியத்தை எழுதுகிறார்கள். அந்தச் சடங்கில் பெண் பூசாரி பாடுகிறார். நம் மாக்கோலத்துக்கும் அதற்கும் மூலப்பொருள் ஒன்றே. அங்கும் படமும் குரலும் சேர்ந்தே வருகின்றன.

வெளியுலகச் சான்றும் உண்டு. 2010இல் பிபிசி வானொலியும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் சேர்ந்து நூறு பொருள்களின் வழியாக உலக வரலாற்றைச் சொல்லும் தொடரை ஒலிபரப்பின. அருங்காட்சியக இயக்குநர் நீல் மக்ரெகர் கால் மணி நேரத்துக்கு ஒரு பொருளாக நூறு பொருள்களையும் சொல்லிலேயே காட்டினார். அந்தத் தொடருக்குக் கிடைத்த வரவேற்பால் அது புத்தகமாகவும் வந்தது. இன்னொரு எடுத்துக்காட்டு இன்னும் நெருக்கமானது. ஓவியர் பிரான்சிஸ் பேக்கனோடு விமர்சகர் டேவிட் சில்வெஸ்டர் நடத்திய உரையாடல்கள் ஓவியர் ஒருவர் தம் வேலையைப் பற்றிப் பேசியவற்றில் மிகச் சிறந்தவை என்று பலராலும் மதிக்கப்படுகின்றன. அவற்றில் முதலாவது, 1962இல் பிபிசி வானொலிக்காகப் பதிவானது. கேட்பவருக்குப் படம் தெரியாததால் இருவரும் படத்தைக் காட்டி நழுவிவிட முடியவில்லை. சாயம் எப்படி வழிந்தது, தற்செயலாக விழுந்த கறையை ஏன் விட்டுவைத்தார் என்பதையெல்லாம் வார்த்தையில் வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயமே அந்தப் பேச்சுக்கு உயிர் கொடுத்தது என்பேன்.

ஓவியரின் வேலை வரைவது, பேசுவதல்ல. படைப்பே பேசட்டும் என்பது இரண்டாவது மறுப்பு. மதிப்புக்குரிய மறுப்புதான். படத்தின் பொருள் என்ன என்று ஓவியரைக் கேட்பது பெரும்பாலும் வீண் கேள்வி. அதற்கு வரும் பதிலும் வெற்றுரையாகவே இருக்கும். ஆனால் செய்முறையைக் கேட்டால் கதை வேறு. நூறு அடி பேனரில் முகத்தை எங்கிருந்து தொடங்குவீர்கள், கட்டம் போட்டுப் பெரிதாக்குவதா, பார்வையிலேயே அளப்பதா, மழைக்காலத்தில் மதிலில் சாயம் பிடிக்க என்ன செய்வீர்கள், கூலி சதுர அடிக்கா நாளுக்கா என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் வாய் திறந்துவிடுவார். ஓவியர் எம்.எப். உசேன் இந்த மும்பையில் சினிமா பேனர் எழுதிப் பிழைத்தவர் என்பது ஊரறிந்த செய்தி. அவரோடு சாரத்தில் நின்று தூரிகை பிடித்த மற்றவர்களின் தொழில்நுணுக்கம் பதிவாகவே இல்லை. டிஜிட்டல் பிளெக்ஸ் வந்தபின் அந்தக் கைவேலை ஏறத்தாழ நின்றுவிட்டது. தெரிந்தவர்கள் இருக்கும்போதே குரலைப் பதிந்து வைக்க வேண்டும். 2015 பிப்ரவரி, மார்ச்சில் தாராவியில் ஸ்நேஹா அமைப்பு நடத்திய கலைத் திருவிழாவில், அங்கே வாழ்பவர்கள் உடல்நலம் பற்றிய படைப்புகளைத் தாங்களே செய்து வைத்தார்கள். மூன்று வாரத்தில் கண்காட்சி முடிந்துவிட்டது. அவர்கள் குரல் வானொலித் தொகுப்பில் இருந்திருந்தால் இன்றும் கேட்கலாம்.

கைப்பேசியும் இன்ஸ்டாகிராமும் இருக்கையில் வானொலி எதற்கு என்ற கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. படத்தைப் பரப்ப கைப்பேசி உதவும் என்பது உண்மை. இளம் ஓவியர்கள் அதைப் பயன்படுத்தவே வேண்டும். ஆனால் அங்கே எதை யாருக்குக் காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. நெருள் செக்டாரில் இருப்பவரின் படம் அடுத்த செக்டாருக்குப் போகாமல் வேறு நாட்டுக்குப் போகலாம். விரல் நகரும் வேகத்தில் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஓரிரு நொடி. வானொலியில் அரை மணி நேரம் ஒருவரே பேசுகிறார், கேட்பவர் எல்லாரும் பக்கத்தில் இருப்பவர்கள். அதோடு பார்வையற்றவருக்கும் இந்த வழியில்தான் ஓவியம் கிட்டும். அவரை விட்டுவிட்டுக் கலை எல்லாருக்கும் பொது என்று சொல்வது நேர்மையில்லை.

மராத்தி மண்ணில் தமிழில் பேசுவானேன் என்று சிலர் தயங்கலாம். ஒரு நிலையம் தமிழுக்கு மட்டும் என்று கேட்பது சரியில்லை. உள்ளூர் மொழிகளில் பேச வேண்டும் என்பதே சமுதாய வானொலியின் அடிப்படை. மராத்தி, இந்தி, மலையாளம் பேசும் ஊரில் தமிழுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்பது நியாயமான பங்கு. கோலம் போடும் பாட்டிக்குத் தன் கலையைப் பற்றி இந்தியில் பேச வராது, தமிழில் சரளமாக வரும். அவர் பேசியதை மராத்தியில் சுருக்கிச் சொன்னால் எதிர்வீட்டு ரங்கோலிக்காரர் பதில் சொல்வார். இரு வாசல்களுக்கும் இடையே பேச்சு தொடங்கும். பணம் பற்றிய கேள்விக்கும் விடை உண்டு. 2024 பிப்ரவரியில் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும், அரசு விளம்பரக் கட்டணத்தை 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் மத்திய அரசு உயர்த்தியது. முழுநேரமும் விளம்பரம் கிடைத்தாலும் மணிக்கு 5,328 ரூபாய்தான். யாரும் பணக்காரராக முடியாது. ஆனால் ஒலிப்பதிவாளருக்குச் சம்பளமும் மின்கட்டணமும் கொடுக்க உதவும். மீதியை ஊர்தான் தாங்க வேண்டும்.

நெருளில் இதைச் செய்யத் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். 1932இல் மாட்டுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் நெருளிலும் கல்லூரிகள் நடத்துகிறது. இன்னும் சில பெரிய கல்வி வளாகங்களும் இங்கே உள்ளன. கல்வி நிறுவனம், பதிவு பெற்று மூன்றாண்டு சேவை செய்த தொண்டு அமைப்பு என இரண்டுக்கும் உரிமம் உண்டு. தனியாருக்கும் அரசியல் கட்சிக்கும் கிடையாது. விண்ணப்பம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போக வேண்டும். நவி மும்பையின் தமிழ் அமைப்புகள் ஒரு கல்லூரியோடு கைகோத்து அந்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்கட்டும். உரிமம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: மதிலில் வரைபவர்கள், பேனர் எழுதியவர்கள், கோலம் போடுகிறவர்கள் யார் யார் என்ற பட்டியலை இப்போதே எடுத்து, ஒவ்வொருவரின் குரலையும் அரை மணி நேரம் பதிந்து வையுங்கள்.