நாடாக் கருவி நின்று நின்று ஓடுவதேன்?

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் புத்தகத்தைக் கறையான் அரித்துவிட்டால், அரிபட்டது வெறுங் காகிதமன்று. ஒருவர் இத்தனை ஆண்டுகள் பால்மரம் வெட்டினார் என்பதற்கிருந்த சான்றே போயிற்று. ராசா, சிரம்பான் வட்டாரத்துத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின் பழைய பதிவேடுகளைத் தேடி அலைந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இன்று சம்பளக் கணக்கும் பள்ளிச் சேர்க்கைப் பதிவும் கணினிக்குள் புகுந்துவிட்டன. கறையானும் வேறு உருக்கொண்டு வருகிறது. வட்டு பழுதாகலாம், கைதவறி அழிக்கலாம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கயவர்களும் உளர். ஆகவே சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி வைத்திருப்போர் காப்புப் படி எடுக்கின்றனர். பெரிய நிலையங்கள் பல அப்படியைக் காந்த நாடாவில் எடுக்கின்றன.

நாடாவா? அது பாட்டுக் கேட்ட காலத்துப் பொருளாயிற்றே என்று நகைப்பவர்கள் 2011 பிப்ரவரி இறுதியில் கூகுள் நிறுவனத்தின் ஜிமெயிலில் நிகழ்ந்ததைக் கருத வேண்டும். மென்பொருளில் நேர்ந்த பிழையொன்று, பயனர்களுள் ஏறக்குறைய 0.02 விழுக்காட்டினரின், அதாவது பதினாயிரவருள் இருவரின், அஞ்சல்களை மறையச் செய்தது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படிகள் இருந்தும் பயனில்லை. இணைந்திருந்த படிகளையெல்லாம் அதே பிழை தொட்டது. இணைப்பின்றித் தனித்திருந்த நாடாக்களே தப்பின. அவற்றிலிருந்தே அஞ்சல்கள் மீட்கப்பட்டன.

நாடாவின் இயல்பை அறிந்தாலன்றி அதன் கோளாறு விளங்காது. வட்டில் எந்த இடத்தையும் நொடிக்குள் தொடலாம். நாடாவிலோ வரிசையாகவே செல்ல வேண்டும். ஒரு கருவியை ஒரு நேரத்தில் ஒரு நிரலே பயன்படுத்தலாம். தொல்லைகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன. இப்போது பெரிதும் வழங்கும் எல்.டி.ஓ. நாடா 2000-இல் வெளிவந்தபோது ஒரு பேழை 100 கிகாபைட் கொண்டது. 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறைப் பேழை 18 டெராபைட் கொள்ளும். அதனுள் சுற்றியிருக்கும் நாடா 1,035 மீட்டர் நீளம்.

"கருவியைக் காணோம்" என்பதே முதல் முறையீடு. யாருக்குக் காணோம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். இயங்குதளத்துக்கே தெரியவில்லையெனில் மின்சாரம், கம்பி, இணைப்பு அட்டை, அதற்குரிய இயக்கி மென்பொருள் என்ற வரிசையில் பார்க்கலாம். இயங்குதளத்துக்குத் தெரிந்து காப்பு மென்பொருளுக்கு மட்டும் தெரியாவிடில், கம்பியைப் பிடுங்கிப் பயனில்லை. வேறொரு நிரல் கருவியைப் பிடித்து வைத்திருக்கும். அல்லது அனுமதி இராது. அல்லது கணினியை மீண்டும் தொடங்கியபோது இரண்டு கருவிகளின் பெயர்கள் இடம் மாறியிருக்கும். வரிசை எண்ணை நம்பாமல், கருவியில் பொறித்த தொடரெண்ணோடு பிணைந்த நிலையான பெயரை வழங்குவதே இதற்கு மருந்து.

லினக்ஸ் கணினியில் ஒரே கருவிக்கு இரு பெயர்கள் உண்டு: 'எஸ்டி', 'என்எஸ்டி'. முன்னதை அழைத்தால் வேலை முடிந்ததும் நாடா தலைப்புக்குச் சுற்றிக்கொள்ளும். பின்னதை அழைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். திங்கட்கிழமைப் படியை முன்னதால் எழுதி, செவ்வாய்க்கிழமைப் படியையும் அப்படியே எழுதினால், செவ்வாய் திங்களின் மேல் ஏறிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. நாடாக் கோளாறுகளுள் இதுவே கொடியது எனலாம். பழுதே இல்லாத கருவி செய்யும் பழுது இது!

சில நேரங்களில் கோளாறென நினைப்பது கோளாறே அன்று. எழுதாமல் தடுக்கும் சிறு தாழ்ப்பாள் பேழையின் ஓரத்தில் தள்ளப்பட்டிருக்கலாம். ஒன்பதாம் தலைமுறையின் புதிய பேழையை முதன்முறை இட்டால், கருவி அதனைத் தனக்கேற்பச் சீர்செய்ய இரண்டு மணி நேரம் வரைகூட எடுத்துக்கொள்ளும். பொறுமையற்றவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கருவி கெட்டது என்பர்.

இனி வேகம். எட்டாம் தலைமுறைக் கருவி நொடிக்கு 360 மெகாபைட் எழுத வல்லது. 12 டெராபைட் பேழையை ஒன்பதேகால் மணியில் நிரப்பும். ஆனால் தகவலைக் கொண்டுவரும் கம்பி நொடிக்கு 100 மெகாபைட்தான் தருமாயின் அதே வேலைக்கு 33 மணி 20 நிமிடம் ஆகும். ஓர் இரவில் முடிய வேண்டியது மறுநாளையும் விழுங்கிவிடும்.

அதோடு நில்லாது. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு முன்பு ஓடிய ரயிலை எண்ணிப் பாருங்கள். வேகமாக ஓடும் ரயில் நினைத்த இடத்தில் நிற்குமா? தாண்டிச் சென்றுதான் நிற்கும். பின்னுக்கு வந்து, மீண்டும் வேகமெடுத்து, விட்ட இடத்தைத் தொட வேண்டும். தகவல் வந்து சேராதபோது நாடாவும் இவ்வாறே முன்னும் பின்னும் ஓடுகிறது. செருப்புக்குப் பாலிஷ் போடும் துணியைப் போல் என்று தொழிலாளர் இதற்குப் பெயரிட்டுள்ளனர். நாடாவும் தேய்கிறது, எழுதும் தலையும் தேய்கிறது. இக்காலக் கருவிகள் வரத்துக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனினும் அதற்கும் கீழெல்லை உண்டு.

ஆகவே வேகம் குறைந்தால் உடனே கருவியைக் குறை சொல்லலாகாது. வட்டிலிருந்து படித்து எங்கும் எழுதாமல் விட்டு ஒரு முறை அளக்க வேண்டும்; கணினிக்குள்ளேயே உண்டாக்கிய தகவலை நாடாவில் எழுதி மறுமுறை அளக்க வேண்டும். முன்னது மெதுவெனில் குற்றம் வட்டின்மேல். இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். முதலில் விரைவான வட்டில் சேர்த்து வைத்து, பின்னர் ஒரே ஓட்டமாக நாடாவில் இறக்குவது நல்ல வழி. பின்னது மெதுவெனில் தலையில் அழுக்கோ, நாடாவில் தேய்வோ, எழுதும் துண்டின் அளவு சிறிதாயிருப்பதோ காரணமாகலாம். இரண்டும் விரைவெனில் இடையிலுள்ள கம்பியையே நோக்க வேண்டும். துப்புரவுப் பேழையைக் கருவி கேட்கும்போது மட்டுமே இட வேண்டும். அதுவும் தலையைத் தேய்ப்பதே.

நம் நாட்டு ஈரப்பதத்தையும் மறத்தல் கூடாது. குளிரறையிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ வந்த பேழையை, கருவி இருக்கும் அறையில் ஒருநாள் முழுதும் வைத்திருந்த பின்னரே இடுதல் வேண்டும்.

படி எடுத்தாயிற்று என்று மென்பொருள் சொல்வதை மட்டும் நம்பியிருப்பவர், மீட்டுப் பார்க்கும் நாளில் திகைப்பர். ஆண்டுக்குச் சில முறையேனும் ஒரு பேழையை எடுத்து, வேறொரு கருவியில் இட்டு, ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பவரே உண்மையில் படி வைத்திருப்பவர். அக்கருவியின் தலைமுறையையும் பார்க்க வேண்டும். ஏழாம் தலைமுறை வரை ஒரு கருவி தனக்கு முந்திய இரண்டு தலைமுறைப் பேழைகளைப் படித்தது. எட்டாவது தனக்கு முந்திய ஒன்றை மட்டுமே படிக்கும். எனவே ஐந்தாம் தலைமுறைப் பேழையில் தொழிலாளர் பதிவை வைத்திருக்கும் நிலையம், ஐந்து, ஆறு, ஏழு ஆகிய கருவிகளுள் ஒன்றேனும் கையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனைப் புதிய பேழைக்கு மாற்றிவிட வேண்டும்.