கேமரன் மலையில் மழை பெய்தால்…

டிசம்பர் விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்பார்கள். எங்களுக்குக் காலை பத்து மணிக்கே பிடித்துக்கொண்டது. பிரிஞ்சாங் மலையுச்சியில் உள்ள பாசிக்காட்டைப் பார்க்கும் திட்டம் அத்தோடு சரி. தம்பி கைப்பேசிக்குள் புகுந்துகொண்டான். அப்பா வண்டியைச் சுங்கை பாலாஸ் தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் திருப்பினார்.

“நான் பார்க்காத தேயிலையா? நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்,” என்றார் பாட்டி.

அவர் சொன்னதில் தவறில்லை. திருமணமாகி 1968ல் சிங்கப்பூருக்கு வரும்வரை இந்த மலைப்பகுதியில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் அவர். குளிருக்குப் பயந்து கடைசியில் அவரும் எங்களோடு உள்ளே வந்தார்.

பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885ல் இந்தப் பகுதிக்கு வந்தார். மலைக்கு அவர் பெயர். ஆனால் தேயிலை வர மேலும் 40 ஆண்டுகளுக்குமேல் ஆனது. 1929ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ.பி. மில்னுடன் சேர்ந்து ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931ல்தான் முடிந்தது. காட்டை வெட்டிச் சரிவில் செடி நட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். சுங்கை பாலாஸ் தோட்டத்தின் பெயரில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருப்பது அந்த வரலாற்றின் தொடர்ச்சிதான். சுற்றுலாக் கையேடுகள் ரசலைச் சொல்லும் அளவுக்கு இவர்களைச் சொல்வதில்லை.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் முதலில் வருவது வாசனை. வெட்டிய புல்லும் லேசாக வறுத்த தானியமும் கலந்ததுபோல் இருந்தது. பறித்த இலையை முதலில் நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி வாட்டுகிறார்கள். இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். மழையில் நனைந்த இலை என்றால் இன்னும் கூடுதல் நேரம். வாடித் துவண்ட இலையை உருட்டும் இயந்திரம் கசக்கிப் பிழியும்போது உயிரணுக்கள் உடைந்து சாறு வெளிவருகிறது. பிறகு இலையைச் சும்மா பரப்பி வைக்கிறார்கள். நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வினைதான் இங்கும்: நொதி ஒன்று, காற்றிலுள்ள உயிர்வாயுவின் துணையோடு, இலையிலுள்ள பாலிஃபீனால்களை மாற்றிச் செம்பு நிறத்தைக் கொடுக்கிறது. இதை ‘நொதித்தல்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் தயிரில் நடப்பதுபோல் நுண்ணுயிர் வேலை இங்கே கிடையாது; இது ஆக்சிகரணம். வேதியியல் தேர்வு எழுதுவோர் குறித்துக்கொள்ளலாம். சூடான காற்றில் உலர்த்தியதும் அந்த வினை நின்றுவிடும். கடைசியில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள்.

பாட்டி வாட்டும் தொட்டிக்கு எதிரே நின்றவர் நகரவே இல்லை.

“எடை போட்டதுக்கு அப்புறம் கொழுந்து எங்க போகுதுன்னு நாங்க பார்த்ததே இல்ல. இதுக்குள்ள எங்களுக்கு என்ன வேலை?”

பிறகு அவராகவே பேசத் தொடங்கினார். அவர்களுக்கு எடைக் கணக்கில்தான் கூலி. மழை என்றால் வேலை நிற்காது. இடுப்பில் பிளாஸ்டிக் துணியைச் சுற்றிக்கொண்டு அட்டைக்கடியோடு பறிப்பார்கள். ஆனால் ஈர இலை கனக்கும் அல்லவா? அதனால் மழைநாளில் தண்ணீருக்கென்று எடையில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். எவ்வளவு கழிப்பது என்பது தராசு பிடிப்பவரின் விருப்பம்.

நான் படித்ததைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஏறத்தாழ ஐந்து கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள்தான் கிடைக்கும், ஆகவே தண்ணீருக்குக் காசு கொடுக்க முடியாதுதானே என்றேன்.

“கழிச்சது சரிதான்யா,” என்றார் பாட்டி. “அந்தத் தண்ணிய மேட்டுல இருந்து முதுகுல சுமந்து வந்தது யாரு?”

தம்பி கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

பள்ளத்தாக்கின்மேல் நீட்டிக் கட்டிய உணவகத்தில் தேநீர் வாங்கினோம். வெளியே பனிமூட்டம், சரிவில் பாதிதான் தெரிந்தது. (போக நினைப்போருக்கு: பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. சாலை மிகக் குறுகல். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும்.) இப்போது சமதளங்களில் இயந்திரத்தாலும் கத்தரியாலும் பறிக்கிறார்கள், கையால் பறிப்பது செங்குத்தான இடங்களில்தான். பறிப்பவர்களில் பெரும்பாலோர் பங்ளாதேஷ், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

திரும்பும் வழியில் ஒரு லாரி கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் காத்திருந்தோம். மழையங்கி அணிந்த இளைஞர் ஒருவர் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். பாட்டி சன்னல் கண்ணாடியை இறக்கினார். சாரல் உள்ளே அடித்தது.

“ஹாரி இனி பெராப்பா கிலோ?” என்று மலாயில் கேட்டார். இன்று எத்தனை கிலோ?

அவர் பாட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தபடி, தூக்கிப் பாருங்கள் என்பதுபோல் மூட்டையைச் சன்னல் பக்கம் தள்ளினார். பாட்டி கையை நீட்டி ஈரச் சாக்கின் முனையைப் பிடித்து, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.