ஏழு குழி, பதினேழு படுக்கை

அலாஸ்காவின் தெனாலி சிகரம், 6,190 மீட்டர். 1984 பிப்ரவரி 12. ஜப்பானியரான நவோமி உவெமுரா, கடுங்குளிர்காலத்தில் தன்னந்தனியாக அதன் உச்சியைத் தொட்டார். அன்று அவருக்குப் பிறந்தநாள். பனிப்பிளவுக்குள் விழுந்துவிடாமல் இருக்க உடம்போடு மூங்கில் கழிகளைக் கட்டிக்கொண்டு நடந்தவர். இறங்கும் வழியில் காணாமல் போனார், உடல்கூடக் கிடைக்கவில்லை.

நம் புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் குன்று அத்தனை உயரமில்லைதான். ஆனால் தனிமை தேடி ஏறியவர்கள் இங்கும் உண்டு. பாறைச் சரிவில் வெட்டிய ஏழு குழிகளில் கால்வைத்து ஏறியதால் இங்குள்ள குகைக்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். இன்று பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. அன்று சமண முனிவர்களுக்கு ஏது? குகையில் வழுவழுப்பான 17 கற்படுக்கைகள். ஒன்றில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழிக் கல்வெட்டு. மார்கழிப் பனியிலும் கல்லே பாய்; சில படுக்கைகளில் தலையணையும் கல்தான்.